முதுகுக்குப் பின்னால் இரும்பு

பஞ்சு ஏற்றிய லாரி தூரத்திலேயே தெரிந்துவிடும். பொதிகள் கேபினுக்கு மேல் எழும்பி, இரண்டு பக்கமும் பிதுங்கி, எதிரே வருகிறவனைத் தானாக ஒதுங்க வைக்கும். இரும்பு ஏற்றிய லாரி அப்படியல்ல. ஒரு கன மீட்டர் இரும்பின் எடை சுமார் 7,850 கிலோ. பத்து டன் இரும்பைப் பழைய ஆறு சக்கர லாரியின் தளம் முழுக்கப் பரப்பினாலும் ஒரு சாண் உயரம் வராது. பார்க்கிறவர் கண்ணுக்கு அது காலி வண்டி. குனிந்து அடியில் பார்த்தால்தான் சங்கதி புரியும். வளைந்திருக்க வேண்டிய ஸ்பிரிங் பட்டைகள் நேராக நிமிர்ந்து கிடக்கும்.

“மத்த லோடெல்லாம் வண்டீல இருக்குமுங்க. இரும்பு மட்டும் நம்ம முதுகுல உக்காந்திருக்கும்” என்றார் சங்ககிரியில் ஒரு பழைய டிரைவர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. வலது தோள் இடது தோளைவிடச் சற்று இறங்கியிருக்கிறது. பவர் ஸ்டீயரிங் இல்லாத காலத்து வண்டியை இழுத்து இழுத்து வந்த வினை என்று அவரே சிரிக்கிறார்.

சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரம் லாரித் தொழிலுக்கு வந்த கதை பலரும் எழுதியதுதான். மானாவாரி நிலம், ஏமாற்றிய மழை, சீட்டுப் பணம், உள்ளூர் ஃபைனான்ஸ். கிளீனராக ஏறியவர் டிரைவராகி, பங்காளிகளோடு சேர்ந்து ஒரு பழைய வண்டி வாங்கி முதலாளியானார். அதை இங்கே நீட்ட வேண்டாம். அவர்கள் ஏற்றி வந்த இரும்பைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஜாம்ஷெட்பூர் டாடா ஆலை 1912-லேயே உருக்கு வார்த்தது. சுதந்திரத்துக்குப் பிறகு பிலாய், ரூர்கேலா, துர்காபூர், அப்புறம் பொகாரோ. எல்லாம் நிலக்கரியும் இரும்புத் தாதும் கிடைக்கிற திசையில் அமைந்தவை. அங்கிருந்து தமிழ்நாட்டுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஆனாலும் இரும்பு விலை எல்லா ஊரிலும் ஒன்றாக இருக்கும்படி சரக்குக் கட்டணத்தைச் சமப்படுத்தி வைத்திருந்தது மத்திய அரசு. கணக்குப் புத்தகத்தில் தூரம் என்பதே இல்லை. பெரும்பாலான சரக்கு ரயில் வேகனில் வந்து கிடங்குகளில் இறங்கும். அங்கிருந்து சென்னை செம்புதாஸ் தெரு மாதிரியான இரும்புக் கடைவீதிகளுக்கும், கோவை, ஈரோடு பட்டறைகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது லாரியின் வேலை.

வேகன் கிடைக்காத நாட்களில் லாரியே நேராக பிலாய்க்குப் போகும். சும்மா போகாது. சேலத்து ஜவ்வரிசிக்கு மகாராஷ்டிரத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் நல்ல கிராக்கி. ஏகாதசிக்கும் நவராத்திரிக்கும் அங்கே விரதம் இருப்பவர்களின் உணவு அது. போகும்போது ஜவ்வரிசியோ ஈரோட்டு மஞ்சளோ. திரும்பும்போது நாக்பூர் ஆரஞ்சு கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் இரும்பு. ரிட்டர்ன் லோடுக்கு வாடகை பேச முடியாது, கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். காலியாக வந்தால் டீசல் காசு முதலாளிக்கு நஷ்டம். அந்த நஷ்டம் டிரைவர் பேட்டாவில் எப்படியாவது வந்து உட்காரும்.

ஆலை வாசலில் காத்துக் கிடப்பது தனிக் கதை. டோக்கன் வாங்கி, காலி வண்டியை எடை மேடையில் ஏற்றி, கிரேன் முறை வந்து, லோடு ஏற்றி, மறுபடி எடை போட்டு, கேட் பாஸ் வாங்கி வெளியே வர எத்தனை நாள் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியில் மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ், அரிசி, புளி, மிளகாய்த்தூள். வாசலுக்கு வெளியே மரத்தடியில் தமிழ்நாட்டு வண்டிகள் ஒரு வரிசையாக நிற்கும். ஒருவர் சோறு வடித்தால் இன்னொருவர் குழம்பு. எஸ்.டி.டி. பூத் வருவதற்கு முந்தைய காலம். லோடு ஏற்றியாயிற்று என்று முதலாளிக்குத் தந்தி. வீட்டுக்கு மணியார்டர். பிள்ளை பிறந்த செய்தியை ஊருக்குத் திரும்பி, லாரி ஆபீஸ் படியேறிய பிறகே கேட்டவர்கள் இன்றும் அந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள்.

கட்டும் வித்தை

இரும்பு ஓட்டியவர்கள் நினைவில் முதலில் வருவது ரோடு அல்ல, கட்டு. நெல் மூட்டையும் சிமென்ட் மூட்டையும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். இரும்பு வழுக்கும். பலகை மேல் வழுக்கும், எண்ணெய் தடவிய தகடாக இருந்தால் தன் மேலேயே வழுக்கும். திடீரென்று பிரேக் போட்டால் வண்டி நின்றுவிடும், லோடு நிற்காது. அது பழைய வேகத்திலேயே முன்னால் வரும். டிரைவருக்கும் அதற்கும் நடுவில் இருப்பது மரத்தால் ஆன கேபின் முதுகு.

தாம்புக் கயிறு தகட்டு விளிம்பில் பட்டால் ஒரு ராத்திரிக்குள் அறுந்துபோகும். அதனால் சங்கிலி. சங்கிலி தகட்டைக் கீறினால் வாங்குகிறவர் வாடகையில் பிடித்துக்கொள்வார். அதனால் விளிம்பில் நாலாக மடித்த சாக்கு. அடியில் வழுக்காமலிருக்கப் பழைய டயரை வெட்டிய துண்டுகள். உருளும் சரக்குக்கு இரண்டு பக்கமும் கருவேலங்கட்டையில் செதுக்கிய ஆப்பு, அதைத் தளப் பலகையோடு சேர்த்து ஆணி. சங்கிலியைக் கடப்பாறை போட்டு முறுக்கி இறுக்குவது கிளீனர் வேலை. இறுகிவிட்டதா என்று டிரைவர் வந்து சங்கிலியைச் சுண்டிப் பார்ப்பார். சத்தம் கணீரென்று வர வேண்டும். சொத்தென்று கேட்டால் மறுபடி முறுக்கு.

அதோடு முடியாது. வண்டி கிளம்பி இருபது, முப்பது கிலோமீட்டர் குலுங்கியதும் சரக்கு கொஞ்சம் அமரும், சங்கிலி தளரும். முதல் டீக்கடையில் நிறுத்துவது டீக்காக அல்ல. கிளீனர் இறங்கி ஒரு சுற்று சுற்றி, தளர்ந்ததை இறுக்கிவிட்டு வந்த பிறகே கிளாஸ் கைக்கு வரும். “டீ ஆறினா வேற டீ வாங்கிக்கலாம் கண்ணு, சங்கிலியப் பாத்துட்டு வா” என்று தன் டிரைவர் அண்ணன் விரட்டியதை, பிறகு தானும் டிரைவரான ஒருவர் சொன்னார். இந்த வித்தை எந்த லைசென்ஸ் பரீட்சையிலும் இல்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸில் எட்டுப் போட்டுக் காட்டினால் போதும். லோடு கட்டுவதைக் கற்றுக்கொடுத்தது கிளீனர் சீட் ஒன்றுதான்.

தகட்டைவிடக் கொடுமை கம்பி. ஆலையிலிருந்து வரும் கம்பி ஏறக்குறைய 12 மீட்டர் நீளம். லாரித் தளம் கிட்டத்தட்ட அதில் பாதிதான். மெல்லிய கம்பியை நடுவில் மடித்துப் போடலாம். தடிமனான முறுக்குக் கம்பியை மடிக்க முடியாது. கேபினுக்கு மேல் சட்டம் கட்டி ஒரு முனையை அதில் தூக்கி வைத்து, மறு முனையைப் பின்னால் தொங்க விடுவார்கள். நுனியில் ஒரு சிவப்புத் துணி. இரவில் துணி யாருக்குத் தெரியும்? பின்னால் வருகிற கார்க்காரர் காலி ரோடு என்று நினைத்து வருவார். இரும்பு லோடு பற்றிப் பெருமையாகப் பேசுகிறவர்களும் இந்தப் பேச்சு வந்தால் வேறு பேச்சுக்கு மாறிவிடுகிறார்கள். வண்டியைத் தாண்டிக் கம்பி நீட்டிக்கொண்டு போவதை முற்றிலும் தடுக்கும் விதியை மத்திய அரசு கொண்டுவந்தது 2014-ல். அதுவரை ஒரு மீட்டர் நீட்டலாம் என்று சட்டமே அனுமதித்திருந்தது. அந்த ஒரு மீட்டரை யார் அளந்தார்கள் என்று கேட்கக் கூடாது.

தொப்பூர்

பிலாயில் கிளம்பிய வண்டி நாக்பூரில் தெற்கே திரும்பினால் பழைய ஏழாம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை. இப்போது 44. ஆதிலாபாத், நிர்மல் மலைப்பாதை, ஹைதராபாத், கர்னூல், அனந்தப்பூர், பெங்களூர், ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி. ஆயிரத்து முன்னூறு கிலோமீட்டருக்கு மேல் உருண்டு, வீட்டுக் குழம்பு வாசனை வருகிற நேரத்தில் குறுக்கே வருவது தொப்பூர் கணவாய். சேலத்தை நோக்கி வருகிறவர்களுக்கு அது இறக்கம். தமிழ்நாட்டில் லாரிகள் அதிகம் கவிழ்ந்த இடங்களில் ஒன்று என்று இன்றைக்கும் செய்தித்தாள் படிக்கிற எல்லோருக்கும் தெரியும்.

எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு என்பது பழையவர்கள் சொன்ன பாடம். இன்ஜின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சும்மா இருக்கும். ஆனால் இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் டீசல் மிச்சம். டிரிப்புக்கு இவ்வளவு டீசல் என்று அளந்து கொடுத்து, மிச்சம் பிடிப்பது உன் சாமர்த்தியம் என்று விட்ட முதலாளிகள் உண்டு. நியூட்ரலில் போட்டவுடன் மொத்தப் பாரமும் பிரேக் மேல் ஏறும். டிரம் சூடேறும், லைனிங் கருகும் வாசனை வரும், மிதித்தால் பெடல் இறங்கும், வண்டி நிற்காது. பத்து டன் போட வேண்டிய வண்டியில் பதினாறு டன் இருந்தால் எப்படி நிற்கும்? தூக்கம் வேறு. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை என்கிறது அது. நான் பேசிய டிரைவர்களில் ஒருவரும் அப்படியொரு சட்டத்தைக் கேள்விப்பட்டதில்லை.

‘அந்தக் காலத்து டிரைவர் மாதிரி வருமா’ என்று பெருமூச்சு விடுகிற பேச்சை லாரி ஆபீஸ்களில் நிறையக் கேட்கலாம். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். கைப்பக்குவம் இருந்தது உண்மை. அந்தக் கைப்பக்குவத்தை நம்பித்தான் அதிக லோடும் குறைந்த தூக்கமும் தேய்ந்த டயரும் ரோட்டில் ஓடின என்பதும் உண்மை. ஓவர்லோடில் வந்த லாபம் வியாபாரிக்கும் முதலாளிக்கும். செக்போஸ்டில் மாமூல் கொடுத்ததும், விபத்தென்றால் ஸ்டேஷனில் உட்கார்ந்ததும் டிரைவர். அதிக பாரத்துக்கு எதிராக உச்ச நீதிமன்றம் கண்டிப்பாக உத்தரவிட்டது 2005-ல்.

ரோடே வழி மறித்த காலமும் உண்டு. 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையில் பெங்களூர் எரிந்தபோது, தமிழ்நாட்டு நம்பர் பிளேட் பார்த்து வண்டிகளைக் கொளுத்தினார்கள். ஓசூருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லாரிகள் தேங்கின. பஞ்சு வண்டிக்காரர்கள் நெருப்புக்குப் பயந்தார்கள். இரும்பு வண்டிக்காரர்களுக்கு வேறு பயம். சரக்கு எரியாது, ஆனால் அவ்வளவு பாரத்தோடு சட்டென்று திருப்பிக்கொண்டு ஓடவும் முடியாது.

அடுத்த மாதமே, 1992 ஜனவரியில், இரும்பு விலைக் கட்டுப்பாட்டை மத்திய அரசு விலக்கிக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் விசாகப்பட்டினம் உருக்காலையைப் பிரதமர் நரசிம்ம ராவ் நாட்டுக்கு அர்ப்பணித்தார். பிலாய்ப் பாதை மெல்ல மெலிந்து, அந்த ஆலை இருக்கும் கஜுவாக்கா பக்கம் தமிழ்நாட்டு வண்டிகள் பெருகின. சமவெளி ரோடு, தூரமும் குறைவு. புயல் மாதங்களில் மட்டும் நெல்லூர், ஓங்கோல் பக்கம் வெள்ளத்தில் மாட்டிக்கொள்வார்கள். 1990களின் பிற்பாதியில் கர்நாடகத்தின் தோரணகல்லுவில் இன்னொரு பெரிய ஆலை எழுந்தது.

சேலத்திலேயே ஆலை இருக்கிறதே என்று கேட்கலாம். கஞ்சமலை இரும்புத் தாதுவை நம்பி 1830களிலேயே ஹீத் என்ற வெள்ளைக்காரர் பரங்கிப்பேட்டையில் உலை வைத்தார். 1970-ல் இந்திரா காந்தி சேலம் உருக்காலைக்கு அடிக்கல் நாட்டினார், 1980களின் தொடக்கத்தில் உற்பத்தி தொடங்கியது. ஆனால் வெகுகாலம் அங்கே இரும்பை உருக்கும் உலையே கிடையாது. வெளியூரிலிருந்து சுருள் வந்து, எவர்சில்வர் தகடாகத் தேய்ந்து வெளியே போகும். உருக்கும் பிரிவு 2010-ல்தான் வந்தது. இறக்கவும் லாரி, ஏற்றவும் லாரி. உள்ளூர் டிரைவர்களுக்கு அதில் குறை ஒன்றுமில்லை.

சுருள், அதாவது காயில், வந்த பிறகு வேலையின் தன்மையே மாறிவிட்டது. ஆள் உயர விட்டமும் நாலடி அகலமும் உள்ள ஒரு காயில் இருபது டன் எடை. ஒற்றைப் பொருள், ஒரே இடத்தில் அழுத்தும். ஆறு சக்கர வண்டியின் சேசிஸ் அதைத் தாங்காது. பத்துச் சக்கர வண்டிகளும் டிரெய்லர்களும் வந்தன. அசோக் லேலண்ட் வைத்த ‘டாரஸ்’ என்ற பெயர் தமிழ்நாட்டில் எந்தக் கம்பெனிப் பத்துச் சக்கர லாரிக்கும் பெயராக ஒட்டிக்கொண்டது அப்போதுதான். கம்பி முழு நீளத்தில் டிரெய்லரில் படுத்துக்கொண்டது. சிவப்புத் துணிக்கு அவசியம் குறைந்தது.

இப்போது நிலைமை எவ்வளவோ மேல். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரி செக்போஸ்ட்கள் மூடப்பட்டன. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் புதிய லாரிகளில் ஏ.சி. கேபின் கட்டாயம். ஐம்பது டிகிரி கேபினில் இன்ஜின் பானெட் மேல் கால் வெந்தவர்கள் இதைக் கேட்டுப் பொறாமைப்படாமல் சந்தோஷப்படுகிறார்கள். ஒன்று மட்டும் காணாமல் போயிற்று. கிளீனர் சீட் காலி. செலவு மிச்சம் என்று டிரைவரை மட்டும் அனுப்புகிறார்கள். சங்கிலியைச் சுண்டிப் பார்க்கக் கற்றுக்கொள்ள ஆளில்லை, கற்றுக்கொடுக்க இடமும் இல்லை. கனரக வாகன லைசென்ஸ் பயிற்சியில் லோடு கட்டுவதை ஒரு பாடமாகச் சேர்க்க அரசுக்குப் பெரிய செலவு ஆகாது. பாடம் எடுக்க ஆட்கள் சங்ககிரி டீக்கடைகளிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவர்களில் பலருக்கு ஓய்வூதியம் என்று ஒன்று இல்லை. முதலாளி மாறிக்கொண்டே இருந்ததால் பி.எஃப். இல்லை. தமிழ்நாட்டில் அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கென நல வாரியம் இருக்கிறது. ஆனால் 60 வயதுக்குள் பதிவு செய்திருக்க வேண்டும். பிலாய் ஓட்டியவர்களுக்கு அந்த வயது எப்போதோ கடந்துவிட்டது. இப்போது ஸ்டீயரிங் பிடித்திருப்பவர்கள் பதிவைத் தவறவிடக் கூடாது. உங்கள் வீட்டில், உங்கள் லாரி ஆபீஸில் பதிவு செய்யாத டிரைவர் யாராவது இருந்தால், அடுத்த டிரிப்புக்கு முன் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்துக்கு லைசென்ஸையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு ஒரு நடை போய் வரச் சொல்லுங்கள்.