தாலி கட்டும் இடத்தில் நின்றுவிடும் வீடியோ

எமது அயலில் வசிக்கும் அக்கா ஒருவரின் மகளுக்கு 2023ஆம் ஆண்டு கனடாவில் திருமணம் நடந்தது. விசா கிடைக்காததால் தாய் போகவில்லை. தகப்பன் இல்லாத வீட்டில் தையல் தைத்து வளர்த்த பிள்ளை. பல மாதங்களின் பின் ஊருக்கு வந்த உறவினர் ஒருவர் திருமண வீடியோவைக் கொண்டுவந்தார். மகன் அதைத் தன் அறையிலுள்ள கணினியில் ஏற்றி, வீட்டு வைபை மூலம் முன் அறைத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினான்.

“கெட்டிமேளம் கேக்குது பிள்ளை, அதோடை நிண்டிடுது. வட்டம் மட்டும் சுத்திக்கொண்டிருக்குது. நாலு தரம் போட்டுப் பாத்திட்டன்” என்றார் அக்கா.

இணைய இணைப்பு எடுத்த இடத்தில் கேட்டபோது, வேகம் கூடிய பக்கேஜுக்கு மாறச் சொன்னார்களாம். மாதம் இன்னும் இரண்டு சட்டை தைத்தால் அந்தக் காசைக் கட்டிவிடலாம் என்று அவர் கணக்கும் பார்த்துவிட்டார்.

அதற்கு முன் ஒரு சிறிய சோதனை செய்யச் சொன்னோம். வெளியிலிருந்து றவுட்டருக்கு வரும் இணைய வயரை மட்டும் கழற்றிவிட்டு, அதே வீடியோவைப் போட்டுப் பார்க்க வேண்டும். அப்போதும் அது ஓடியது. அதே இடத்தில் நின்றது. வீடியோ இருப்பது வீட்டுக் கணினியில். அது றவுட்டர் வழியாகத் தொலைக்காட்சிக்குப் போகிறதே தவிர, வாசலைத் தாண்டுவதே இல்லை. எத்தனை பெரிய பக்கேஜ் எடுத்தாலும் இதற்கு உதவாது.

அப்படியானால் ஏன் நிற்கிறது? தொலைக்காட்சி, வரும் படத்தில் சில செக்கன்களுக்கு உரியதை முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொண்டுதான் காட்டும். குடத்திலிருந்து மொள்ளும் வேகத்துக்குக் குழாயில் நீர் வராவிட்டால் குடம் வெறுமையாகும். மறுபடி நிறையும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புத்தான் சுற்றுகின்ற வட்டம்.

இந்த வீடியோவுக்கு எவ்வளவு வேகம் வேண்டும் என்பதை நாமே கணக்கிடலாம். அதன் அளவு 24 ஜிகாபைட், அதாவது 24,000 மெகாபைட். ஒரு பைட்டுக்கு 8 பிட் என்பதால், 8ஆல் பெருக்கினால் 192,000 மெகாபிட். ஓடும் நேரம் 40 நிமிடம், அதாவது 2,400 செக்கன். வகுத்தால் செக்கனுக்கு 80 மெகாபிட். இதுவும் சராசரிதான். அசைவு கூடிய காட்சிகளுக்கு இன்னும் அதிகம் வேண்டும். தாலி கட்டும்போது எல்லோரும் பூவும் அரிசியும் தூவுகிறார்கள். ஒவ்வொரு அரிசியும் தனித்தனியாக அசைவதால் அந்த இடத்தில் படத்தைச் சுருக்குவது மிகக் கடினம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நிற்பதன் காரணம் அதுவே. இடம் மாறி மாறி நின்றால் வைபை பலவீனம் என்று சந்தேகிக்கலாம்.

அக்கா வீட்டில் அதுவும் இருந்தது. கணினியிலிருந்து றவுட்டருக்கும் றவுட்டரிலிருந்து தொலைக்காட்சிக்கும் வைபைதான். ஒரே வீடியோ இரண்டு தரம் காற்றில் போவதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகிறது. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை சுவரைத் தாண்டிப் போகும், ஆனால் வேகம் குறைவு. அயல் வீட்டு வைபையும் குசினி மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில் குறுக்கிடும். 5 கிகாஹேர்ட்ஸ் வேகமானது, ஆனால் சீமெந்துச் சுவர்களைக் கடக்கும்போது தளர்ந்துவிடும். றவுட்டர் அலுமாரிக்குப் பின்னால் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

முதலில் கணினியை வயரால் றவுட்டருடன் இணைத்தோம். ‘கற் 5ஈ’ வயர் போதும். பின்னர் தொலைக்காட்சியையும் இணைத்தோம். பெரும்பகுதி தடையின்றி ஓடியது, தாலி கட்டும் இடத்தில் மட்டும் ஒரு தடவை தடுக்கியது. பல தொலைக்காட்சிகளின் வயர்த் துளை செக்கனுக்கு 100 மெகாபிட்டுக்கு மேல் வாங்காது. கடைக்காரர் இதைச் சொல்வதில்லை.

கடைசியில் பென் டிரைவ்தான் கைகொடுத்தது. அதுவும் உடனே அல்ல. பழைய ‘ஃபேட் 32’ முறையில் அமைத்த பென் டிரைவ் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட தனிக் கோப்பை ஏற்காது. மகன் அதை ‘எக்ஸ்ஃபேட்’ முறைக்கு மாற்றி (அப்போது உள்ளேயிருப்பது எல்லாம் அழிந்துவிடும், முதலில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்), வீடியோவை ஏற்றித் தொலைக்காட்சியிலேயே செருகினான். இப்போது அந்த இடத்தில் அக்காவே நிறுத்தி வைத்துப் பார்க்கிறார்.

யூடியூப் போன்று வெளியிலிருந்து வருபவை நின்றால் கதை வேறு. றவுட்டருக்குப் பக்கத்தில் நின்று கைத்தொலைபேசியில் வேகத்தை அளவுங்கள்; பிறகு தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் அளவுங்கள். முதல் இடத்தில் நன்றாகவும் இரண்டாம் இடத்தில் மோசமாகவும் இருந்தால், றவுட்டரை உயரமான, திறந்த இடத்துக்கு மாற்றிப் பாருங்கள். இரண்டு இடத்திலும் குறைவென்றால் படத் தரத்தை 4கேயிலிருந்து 1080க்கு இறக்கிப் பாருங்கள். சிறிய திரையில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. அதன் பிறகும் நின்றால்தான் பக்கேஜ் பற்றி யோசிக்க வேண்டும்.