ஓலையும் மின்சான்றும்

செய்யாற்றங்கரையில் அமைந்த மாகறல், ஞானசம்பந்தர் பாடல் பெற்ற பதியாகும். உத்திரமேரூரின் கோயிற் சுவரில், முதற் பராந்தகன் காலத்தில் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. அவற்றை ஊராட்சிக்குச் சான்றாகக் காட்டுதலே பெருவழக்கு. ஒருவர் தம் தகுதியை மெய்ப்பிக்குமிடத்துத் தம்மைப் பற்றி எவ்வளவு வெளிப்படுத்தல் வேண்டும் என்னும் இக்கால வினாவிற்கும் அவை துணை செய்வன.

கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, 35க்கு மேல் 70க்கு உட்பட்ட வயது, மறைக்கல்வி ஆகியன 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுக் கூறும் தகுதிகள். வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதார் விலக்கப்பெற்றனர். எனினும், குடத்தில் இட்ட ஓலையில் எழுதப்பெற்றது பெயரே. நிலமும் வயதும் ஊரார் அறிந்தனவாதலின், அவற்றை ஓலை சுமக்க வேண்டியதில்லை.

அறியாதார் முன் ஓலை நிற்குமாயின் யாது செய்வது? பெரியபுராணத்துள் சுந்தரரின் வழக்கை ஆராய்ந்த வெண்ணெய்நல்லூர் அவையினர், மூல ஓலையிலுள்ள எழுத்தைப் பாட்டனாரின் வேறோர் எழுத்தோடு ஒப்பு நோக்கித் தெளிந்தனர். இக்கால மின்கையொப்பம் இவ்வொப்பு நோக்கலைக் கணக்கியல் வழியாற் செய்கின்றது. சான்றில் ஓரெழுத்து மாறினும் கையொப்பம் பொருந்தாது.

மின்சான்றில் வழங்குவோர், வைத்திருப்போர், சரிபார்ப்போர் என மூவர் உளர். உலகளாவிய வலை இணையம் 2019இல் இதற்கொரு பொதுநெறி வகுத்தது. இதன் சிறப்பு யாதெனின், வேண்டிய கூற்றை மட்டும் பிரித்துக் காட்ட இயலுதல். 18 வயது நிரம்பியமையைப் பிறந்த நாளும் முகவரியும் புலப்படாமலே மெய்ப்பிக்கலாம். ஆதார் அட்டையின் முழுப்படியைக் கேட்டார்க்கெல்லாம் கொடுக்கும் வழக்கம் இதற்கு மாறானது. ஈற்று நான்கு எண்கள் மட்டும் தோன்றும் மறைப்பு ஆதாரும், 2018இல் வந்த 16 இலக்க மெய்நிகர் எண்ணும் இக்குறையை ஓரளவு களைவன.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு 2017 ஆகஸ்டு 24இல் தீர்ப்பளித்தது. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பெற்றது. இசைவு பெறுங்கால் நோக்கத்தை அறிவித்தல் வேண்டும் எனவும், அளித்த இசைவை மீளப்பெறலாம் எனவும் அது கூறுகின்றது.

ஈண்டு ஒன்று எண்ணத்தக்கது. கையொப்பம் சான்றின் உண்மையைக் காக்குமேயன்றி, உடையவரின் உரிமையைக் காவாது. கைப்பேசி இல்லாத சிற்றூர் முதியவர் ஒருவர் இ-சேவை மையத்தில் தம் எண்ணையும் விரல் ரேகையையும் பிறர் கையில் ஒப்புவிக்கின்றார். எத்தகவல் எதன்பொருட்டுச் செல்கின்றது என அவர்க்குத் தமிழில் எடுத்துரைத்து, அவர் மறுப்பினும் வேறு வழி காட்டினாலன்றி, இசைவு என்பது வெறுஞ்சொல்லாகும். அன்று வாரியத்தார் ஊருக்குக் கணக்குக் காட்டினர். இன்று தகவல் பெறுவோரும் அதனை உடையார்க்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவராவர்.