மேகத்துக்கு மேலே ஒழுகும் கூரை

மார்கழி விடியலில் தகரக் கூரைக்கு அடியில் படுத்து எழுந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். வெளியே மழை இல்லை. வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. ஆனாலும் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக முகத்தில் நீர் விழும். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் வழியில் இருக்கும் ஏதாவது ஒரு மாட்டுக் கொட்டகைக்குள் ஐந்து மணிக்குப் போய், தகரத்தின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். உள்ளங்கை முழுக்க நனைந்துவிடும். தகரத்தில் ஓட்டை இருக்காது. இராத்திரி முழுக்க மாடுகள் விட்ட மூச்சும் கடற்காற்றின் ஈரமும், பனியில் சில்லிட்ட தகரத்தில் பட்டு நீராகியிருக்கும்.

இப்படி மழையில்லாமல் ஒழுகுவது விமானத்திலும் நடக்கும். 2023 நவம்பர் 24 அன்று லண்டன் காட்விக்கிலிருந்து அமிர்தசரஸ் வந்த ஏர் இந்தியா விமானத்தில், பைகள் வைக்கும் மேல் அடுக்குகளின் இடுக்கிலிருந்து இருக்கைகள் மேல் நீர் ஒழுகியது. அதன் காணொளி சில நாட்களில் நாடெங்கும் பரவியது. கேபினுக்குள் நீராவி குளிர்ந்து நீரானதில் ஏற்பட்ட அரிதான கோளாறு என்றும், நனைந்த வரிசைப் பயணிகளைக் காலி இருக்கைகளுக்கு மாற்றினோம் என்றும் நிறுவனம் விளக்கம் சொன்னது. மக்கள் அதை ஏற்கவில்லை. கூரை ஒழுகுகிற விமானத்தில் எந்த நம்பிக்கையில் ஏறுவது என்று கோபமாகக் கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பேருந்துக் கூரை ஒழுகினால் ஓட்டை என்றுதான் அர்த்தம்; வீட்டுக் கூரை ஒழுகினாலும் அப்படித்தான். விமானத்தில் மட்டும் கணக்கு வேறு என்பதை யாராவது பொறுமையாக எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

முதலில் ஓட்டை விஷயம். ஏறத்தாழ 38,000 அடி உயரத்தில், தரையில் உள்ளதில் ஐந்தில் ஒரு பங்கு காற்றழுத்தம்தான் வெளியே இருக்கும். உள்ளே நாம் மூச்சுவிட வேண்டும் என்பதற்காகக் காற்றை அழுத்தி நிரப்பி வைத்திருப்பார்கள். ஓட்டை விழுந்தால் உள்ளிருக்கும் காற்றுதான் வெளியே பீறிடும். வெளியிலிருந்து ஒரு சொட்டுகூட உள்ளே வர வழியில்லை. அந்த உயரத்தில் பெரும்பாலும் மழை மேகங்களே நமக்குக் கீழேதான் இருக்கும்.

அப்படியானால் நீர் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி நம்மிடமிருந்துதான். முந்நூறு பேர் பத்து மணி நேரம் விடும் மூச்சிலும், தோலிலிருந்து ஆவியாகும் ஈரத்திலும் நிறைய நீர் இருக்கிறது. விமானத்தின் வெளித்தோலுக்கு அப்பால் குளிர், உறைநிலைக்குக் கீழே ஐம்பது டிகிரிக்கும் மேல். அந்தத் தோலுக்கும் நாம் பார்க்கும் உள்சுவருக்கும் நடுவே, கண்ணாடி இழையாலான மெத்தை போன்ற போர்வைகளைச் செருகியிருப்பார்கள். கேபினின் சூடான, ஈரமான காற்று மேலே ஏறி, பலகை இடுக்குகள் வழியே நுழைந்து, சில்லிட்ட தோலைத் தொட்டதும் உறைபனியாகப் படிகிறது. விமானம் பறக்கும் நேரமெல்லாம் அது சேர்ந்துகொண்டே இருக்கும். கீழிறங்கும்போது தோல் சூடேற, பனி உருகும். போர்வைகளுக்கு வெளியே வழிந்து, விலாப்பக்கமாக ஓடி அடிவயிற்றுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அங்கே வடிகால் வால்வுகள் இருக்கின்றன. பறக்கும்போது உள்ளழுத்தத்தால் மூடிக்கொள்ளும். தரைக்கு வந்ததும் திறந்து நீரை வடித்துவிடும். எளிய, அழகான வேலைப்பாடு.

போர்வை கிழிந்திருந்தாலோ, சரியாகப் பொருந்தாவிட்டாலோ நீர் அதற்குள் ஊறி நிற்கும். ஒரு பயணம் முடிந்து உலர நேரம் தராமல் அடுத்த பயணத்துக்கு அனுப்பினால், ஊறல் நாள்பட்டு ஏறும். பிறகு விமானம் மூக்கைத் தூக்கும்போதோ சாயும்போதோ தேங்கிய நீர் ஒரே இடத்துக்கு ஓடி, கிடைத்த இடுக்கில் கொட்டும். இதைக் குறைக்கத்தான் சில விமானங்களில் கூரைக்கு மேலே உலர்ந்த காற்றை ஊதும் கருவி வைக்கிறார்கள். அதனால் தேங்கும் நீரின் எடை குறையும், எரிபொருளும் மிச்சமாகும்.

சென்னை மீனம்பாக்கத்தில் ஏறியதும் தலைக்கு மேலே புகை மாதிரி வெள்ளையாக வருமே, அதுவும் இதே சங்கதிதான். புழுக்கமான காற்று ஏசியின் குளிரில் பட்டு மூடுபனியாகிறது. பயப்பட எதுவும் இல்லை.

இன்னொரு வகை ஒழுகல் உண்டு, அதுதான் கவனிக்க வேண்டியது. விமானத்தில் குடிநீர்த் தொட்டி, குழாய்கள், சமையலறைத் தொட்டியின் வடிகுழாய் எல்லாம் இருக்கின்றன. சிறிய ஏர்பஸ் ஏ320 விமானமே சுமார் 200 லிட்டர் தண்ணீர் சுமக்கிறது. நம் வீட்டு ஏசியில் வடிகுழாய் அடைத்தால் சுவரில் நீர் வழிவதைப் போல, அங்கும் அடைப்பு வந்தால் தண்ணீர் தனக்கென்று ஒரு வழி தேடிக்கொள்ளும். 2024இல் ஒரு வந்தே பாரத் ரயில் பெட்டியின் கூரை ஒழுகியபோதும், குழாய் அடைப்பையே ரயில்வே காரணமாகச் சொன்னது.

2008 ஜனவரி 7 அன்று லண்டனிலிருந்து பாங்காக் போன குவான்டாஸின் போயிங் 747 விமானத்தில் நடந்தது இதுதான். முன்பக்கச் சமையலறையின் வடிகுழாய் அடைத்து, நீர் பொங்கித் தரைக்கு அடியில் இறங்கியது. அங்கே மின்கருவிகள் வைத்திருக்கும் அறை. அவற்றுக்கு மேலே குடை போலப் பொருத்தியிருந்த தடுப்புத் தகடு விரிசல் விட்டிருந்தது. நீர் ஜெனரேட்டர்களைக் கட்டுப்படுத்தும் கருவிகளில் சொட்ட, நான்கில் மூன்று மின்வழிகள் செத்துப்போயின. முக்கியக் கருவிகள் பலவற்றுக்கு பேட்டரிதான் துணை. அந்த நேரம் விமானம் பாங்காக்கை நெருங்கி இறங்கிக்கொண்டிருந்தது. 365 பேரும் பத்திரமாகத் தரை சேர்ந்தார்கள். நடுக்கடல் மேல் நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

தலையில் சொட்டும் நீர் எல்லோர் கண்ணிலும் படுகிறது, காணொளியாகிறது. காலுக்குக் கீழே இறங்கும் நீரை யாரும் பார்ப்பதில்லை. விழுப்புரம் மாவட்டத்திலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் பறக்கும் குடும்பங்கள் ஏராளம். அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். உங்கள் இருக்கை மேல் நீர் சொட்டினால் பதற வேண்டாம், சகித்துக்கொண்டு சும்மாவும் இருக்க வேண்டாம். காணொளி எடுப்பதற்கு முன்னால் அழைப்பு மணியை அழுத்துங்கள். சமையலறைப் பக்கம் கால் வைக்கும் கம்பளம் சொதசொதவென்று இருந்தால் அதையும் சொல்லுங்கள். எந்த இருக்கை, எந்த நேரம் என்று பணியாளர்களிடம் தெளிவாகச் சொல்லி, கோளாறுக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். தரையில் காத்திருக்கும் மெக்கானிக் அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் பலகையைக் கழற்றுவார்.