பின்னால் நிற்பவர்களின் பெயர் என்ன?

தொடர்: மேடையின் பின்வரிசை – 9

காஞ்சிபுரம் நயினா பிள்ளை கச்சேரி என்றால் மேடையில் ஒரு கூட்டமே உட்கார்ந்திருக்கும். வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று பக்கவாத்தியங்கள் அவரைச் சூழ்ந்திருக்கும். ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரி என்று அதற்குப் பேர். 1889-ல் பிறந்து 1934-ல் மறைந்த அந்த லய மேதை, கணக்கில் தனக்கு ஈடுகொடுக்கக் கூடியவர்களையே பக்கத்தில் வைத்துக்கொண்டார். புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையின் விரல்களைக் கேட்கவும், பக்கிரியா பிள்ளையின் கொன்னக்கோலைக் கேட்கவும் ஜனங்கள் வந்தார்கள். நயினா பிள்ளை போய் 90 ஆண்டுகள் ஆன பிறகும் அந்தப் பக்கவாத்தியக்காரர்களின் பெயர் நமக்குத் தெரிகிறது.

காஞ்சிபுரத்திலிருந்து மேற்கே பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்தால், பாலுசெட்டிசத்திரம் பக்கத்தில் தாமல் இருக்கிறது. பெரிய ஏரி, வராகீஸ்வரர் கோயில், அக்கம்பக்கத்து ஊர்களில் தறிச் சத்தம். இந்த வட்டாரத்துக் கிராமங்களில் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் வார்த்த பிறகு ராத்திரிக்கு மேடை போடுவார்கள். ஒரு காலத்தில் அந்த மேடை கூத்துக்காரர்களுடையது. கடந்த 50 ஆண்டுகளில் மெல்லிசைக் குழுக்களும் அதில் ஏறிக்கொண்டன. எட்டுப் பத்துப் பேர் நாலைந்து மணி நேரம் நின்றபடியும் உட்கார்ந்தபடியும் வாசிக்கிறார்கள். நோட்டீஸில் குழுவின் பேர் இருக்கும், பாடகர்களின் பேர் இருக்கும், உபயதாரர்களின் பேர் வரிசையாக இருக்கும். லீட் கிடார் வாசிப்பவரின் பேர் இருக்காது. இந்த வாரம் அந்த லீட் கிடார்க்காரருக்கும் அவரைச் சுற்றி நிற்பவர்களுக்கும்.

அடுத்தவர் போட்ட பாட்டை வாசிப்பதில் என்ன பெருமை என்று கேட்பவர்கள் உண்டு. உலகத்தின் வேறு மூலைகளில் இந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் கிடைத்தது என்று முதலில் பார்ப்போம்.

1960களின் கடைசியில் இங்கிலாந்தில் சில ராக் குழுக்கள் மூன்று நிமிடப் பாட்டு போதாது என்று முடிவு செய்தன. 1969-ல் கிங் கிரிம்ஸன் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. யெஸ், ஜெனிஸிஸ், பிங்க் ஃப்ளாய்ட் என்று ஒரு வரிசை உருவானது. புராக்ரெஸிவ் ராக் என்று அழைக்கப்பட்ட இந்த இசையில் பாட்டு நீளும். நடுவில் தாளம் மாறும். மேற்கத்திய செவ்வியல் இசையின் அடுக்கு வந்து சேரும். பிங்க் ஃப்ளாய்டின் ‘மனி’ பெரும்பகுதி ஏழு எண்ணிக்கையில் நடக்கிறது. மிஸ்ர சாபு போட்டுப் பழகிய கை அதற்குச் சிரமமில்லாமல் தாளம் போடும். ஜெனிஸிஸின் ‘சப்பர்ஸ் ரெடி’ ஏறக்குறைய 23 நிமிடம். அதன் ஒரு பகுதி ஒன்பது எண்ணிக்கையில் ஓடுகிறது. நயினா பிள்ளையின் ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் அந்நியமான கணக்கில்லை.

1975-ல் பீட்டர் கேப்ரியல் ஜெனிஸிஸை விட்டு விலகினார். பிறகு அந்தக் குழுவின் இசையே வேறு திசையில் போனது. பழைய கச்சேரிகளை நேரில் பார்க்க வழியில்லாமல் போயிற்று. 1993-ல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் சில இசைக் கலைஞர்கள் ‘தி மியூஸிக்கல் பாக்ஸ்’ என்ற குழுவைத் தொடங்கினார்கள். 70களின் ஜெனிஸிஸ் கச்சேரியை அதே வாத்தியம், அதே உடை, திரையில் விழும் அதே ஸ்லைடு படங்களோடு மறுபடி நிகழ்த்துவது அவர்கள் எடுத்துக்கொண்ட வேலை. அசல் கலைஞர்களின் அனுமதியோடு அதைச் செய்தார்கள். அப்பா ஒரு காலத்தில் என்ன செய்தார் என்று காட்ட, கேப்ரியல் தன் பிள்ளைகளை அந்தக் கச்சேரிக்கு அழைத்துப் போனார். ஜெனிஸிஸின் டிரம்மர் ஃபில் காலின்ஸ் ஒருமுறை அவர்களோடு உட்கார்ந்து வாசித்தார். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 1988-ல் தொடங்கிய பிங்க் ஃப்ளாய்ட் அஞ்சலிக் குழுவை, டேவிட் கில்மோர் 1996-ல் தன் ஐம்பதாவது பிறந்தநாள் விழாவில் வாசிக்க அழைத்தார். ஆக, ‘அடுத்தவர் பாட்டு’ என்று அந்த உழைப்பை அசல்காரர்களே ஒதுக்கவில்லை.

நம் மெல்லிசைக் கலைஞர்கள் செய்வதும் இதே வேலைதான். ஆனால் மான்ட்ரியல் குழுவுக்கு ஒரே குழுவின் பாட்டுகளைப் பயின்றால் போதும். நம்மவர்கள் ஒரே ராத்திரியில் ஜி.ராமநாதனிலிருந்து அனிருத் வரை போக வேண்டும்.

அவர்களைக் கேட்டுப் பாருங்கள், எல்லாவற்றிலும் கடினம் எது என்று. பெரும்பாலும் இளையராஜா என்றுதான் பதில் வரும். காரணம் இருக்கிறது. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக ஸ்டாஃப் நொட்டேஷன் எழுதிக் கொடுத்தவர் அவர். வயலின் ஒரு பக்கம் போகும், புல்லாங்குழல் அதற்குப் பதில் சொல்லும், கீழே பேஸ் கிடார் தனக்கென்று ஒரு மெட்டை நடத்திக்கொண்டிருக்கும். இதில் ஒன்றை எடுத்துவிட்டால் பாட்டு நொண்டும்.

அந்த வரிகளுக்கு முதலில் உயிர் கொடுத்தவர்கள் யார்? ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’ என்றதும் 1982-லிருந்து இன்றுவரை தமிழ்நாட்டில் கிடார் கற்கும் எல்லோருக்கும் ஒரு தொடக்கம் ஞாபகம் வரும். அதை வாசித்தவர் ஆர்.சந்திரசேகர். அவருடைய சகோதரர் புருஷோத்தமன் டிரம்ஸ். ராஜாவின் ஒலிப்பதிவுக் கூடத்தில் தாளத்தைத் தாங்கிய அவர் 2020-ல் மறைந்தார். பேஸ் கிடார் சசிதரன். கீபோர்டு விஜி மேனுவல். புல்லாங்குழல் நெப்போலியன், அருண்மொழி என்ற பேரில் நாம் கேட்ட பாடகரும் அவரே. கிடாரில் சதானந்தம் மாஸ்டர். வயலினில் வி.எஸ்.நரசிம்மன். 1986-ல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பத்தில் தியாகராஜரையும் மேற்கத்திய இசைமேதை பாக்கையும் ஒரே கூடத்தில் உட்கார வைக்க ராஜா நினைத்தபோது, அந்த நினைப்பை வில்லில் ஏற்றியவர் நரசிம்மன். கர்னாடக ராகமும் பரோக் அடுக்கும் டிரம்ஸும் பேஸ் கிடாரும் சேர்ந்து நடக்கும் அந்த ஆல்பம், தமிழ் மண்ணில் புராக்ரெஸிவ் ராக்குக்கு மிக அருகே வந்த படைப்பு என்று நான் கருதுகிறேன். 1993-ல் நரசிம்மன் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட்டைத் தொடங்கி, கீர்த்தனைகளை நான்கு தந்தி வாத்தியங்களுக்கு ஏற்ப அமைத்தார்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தவர்களுக்கு முன்னால் நொட்டேஷன் இருந்தது. தாமலுக்கோ ஓச்சேரிக்கோ வேன் ஏறும் கலைஞருக்கு அது கிடையாது. அவரிடம் இருந்ததெல்லாம் கேசட்டும் டேப் ரிக்கார்டரும். ஓடவிட்டு, நிறுத்தி, பின்னால் சுற்றி, மறுபடி ஓடவிட்டு ஒவ்வொரு ‘பிட்’டையும் காதால் பிடித்தார்கள். மலிவான ஸ்பீக்கரில் பேஸ் சரியாகவே கேட்காது. ஸ்வரத்தை ஊகித்து, அடுத்த கார்டோடு பொருத்திப் பார்த்து, தவறென்றால் மாற்றினார்கள். ஒலிப்பதிவில் வரிசையாக உட்கார்ந்து வாசித்த வயலின்களை ஒரே கீபோர்டுக்காரர் இரண்டு கைகளில் அடக்க வேண்டும். எந்தக் குரலை வைப்பது, எதை விடுவது என்பது அவருடைய தீர்ப்பு. பாடகரின் சுருதிக்குப் பாட்டு ஒத்துவராவிட்டால் மேடையிலேயே முழுப் பாட்டையும் அரைக்கட்டை இறக்கி வாசிக்க வேண்டும். அசல் இசையமைப்பாளரின் மனம் எப்படி ஓடியது என்று புரியாதவரால் இதைச் செய்ய முடியாது.

எதிரே இருப்பவர்களோ கடுமையான பரீட்சகர்கள். தறியில் உட்கார்ந்து நாள் முழுவதும் ரேடியோ கேட்டவர்களுக்கு இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வரும் பி.ஜி.எம். மனப்பாடம். புல்லாங்குழல் ஒரு ஸ்வரம் தவறினால் முன்வரிசையில் தலை நிமிரும். சரியாக வந்துவிட்டால், பாட்டு தொடங்கும் முன்பே விசில் கிளம்பும். அந்த விசில் வாத்தியக்காரருக்கானது. பாடகர் அப்போது வாயே திறந்திருக்க மாட்டார்.

80களின் நடுவில் ஆக்டோபேட் வந்தது. தபேலா, டோலக், பாங்கோஸ், தும்பா என்று நான்கு பேர் வாசித்த இடத்தில் ஒருவர் குச்சியோடு நின்றார். மூன்று பேருக்கு வேலை போயிற்று; மிஞ்சிய ஒருவர் நான்கு பேரின் கணக்கையும் தலையில் சுமந்தார். அப்போதும் மேடையில் ஒரு மனிதர் வாசித்துக்கொண்டிருந்தார்.

இந்த மேடையைப் பள்ளிக்கூடம் என்றே சொல்வேன். பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன், கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் மக்களுக்குத் தெரிந்த மெட்டில் கட்சிப் பாட்டுப் பாடியபோது கூடவே வாசித்த தம்பிகள் பாஸ்கர், ராசய்யா, அமர்சிங். பிறகு சென்னை வந்த மூவரும் எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் மெல்லிசைக் குழுவில் வாசித்தார்கள். ராசய்யா இளையராஜா ஆனார், அமர்சிங் கங்கை அமரன் ஆனார். ஏ.வி.ரமணனின் ‘மியூசியானோ’ மேடைகளில் பாடியவர் உமா ரமணன். 1980-ல் ‘நிழல்கள்’ படத்தின் ‘பூங்கதவே’ அந்தக் குரலைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுசேர்த்தது. தந்தை ஆர்.கே.சேகரை ஒன்பது வயதில் இழந்த திலீப், வீட்டிலிருந்த வாத்தியங்கள் வாடகைக்குப் போய்வந்த காலத்தில் தானும் கீபோர்டோடு மேடைக்கும் ஒலிப்பதிவுக்கும் போனார். சிவமணி, ஜான் அந்தோணி, சுரேஷ் பீட்டர்ஸ் ஆகியோருடன் ‘ரூட்ஸ்’ குழுவில் வாசித்தார்; ‘நெமெஸிஸ் அவென்யூ’ என்ற ராக் குழுவையும் தொடங்கினார். அந்தத் திலீப்தான் ஏ.ஆர்.ரகுமான். அடுத்தவர் பாட்டை ஒழுங்காக வாசிக்கக் கற்றவர்கள்தான் தமிழ்த் திரையிசையை இரண்டு முறை மாற்றினார்கள். இதற்கு மேல் அந்தக் கலைக்குச் சான்று தேவையில்லை.

ரகுமான் இன்னொன்றும் செய்தார். கேசட், சி.டி. உறைகளில் வாத்தியக் கலைஞர்களின் பெயர்களை அச்சிட்டார். கீத் பீட்டர்ஸ் என்றொரு பேஸ் கிடார் கலைஞர் இருக்கிறார், நவீன் என்றொரு புல்லாங்குழல் கலைஞர் இருக்கிறார் என்று சாதாரண ரசிகனுக்குத் தெரிந்தது அப்படித்தான்.

பெயர் போடுவது மரியாதையோடு நிற்கும் விஷயமும் இல்லை. 2012-ல் திருத்தப்பட்ட நம் பதிப்புரிமைச் சட்டம் இசைக் கலைஞரையும் நிகழ்த்துநர் என்று ஏற்கிறது. ஆனால் ஒரு விலக்கு வைத்திருக்கிறது: திரைப்படத்தில் ஒருவரின் பங்களிப்பு தற்செயலானதாக இருந்து, தொழில் வழக்கப்படி டைட்டில் உட்பட எங்கும் அவர் பெயர் குறிப்பிடப்படாவிட்டால், அவரை நிகழ்த்துநராகக் கொள்ள வேண்டியதில்லை. தன் வாசிப்பு சிதைக்கப்பட்டால் எதிர்க்கும் உரிமை மட்டுமே அவருக்கு மிஞ்சும். பெயர் விடுபட்டவரின் நிலை சட்டத்தின் கண்ணிலும் பலவீனமானது என்பதை வாத்தியக் கலைஞர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

2017-ல் தன் பாடல்களை அனுமதியின்றி மேடையில் பாடக் கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி.பி.க்கு நோட்டீஸ் போனபோது ஊரே விவாதித்தது. இசையமைப்பாளருக்கு உரிமை உண்டு; அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மான்ட்ரியல் குழு அனுமதி பெற்று வாசித்ததைப் போல நம் குழுக்களும் முறையாக உரிமம் பெறும் வழி எளிதாக வேண்டும். ஆனால் அந்த விவாதம் முழுக்க இசையமைப்பாளர், தயாரிப்பாளர், பாடகர் என்ற மூவரைச் சுற்றியே நடந்தது. பாட்டை வாசித்த கைகளைப் பற்றி யாரும் பேசவில்லை. கோர்வைப் பட்டுப் புடவையை ஒருவர் தனியாக நெய்துவிட முடியாது. கரைக்கான நாடாவை வாங்கித் தள்ள இன்னொருவர் தறியோரம் உட்கார வேண்டும் என்பது காஞ்சிபுரத்தில் எல்லோருக்கும் தெரியும். பாட்டும் அப்படிச் சேர்ந்து உருவானதுதான்.

இப்போது அந்த மேடைக்கே ஆபத்து வந்திருக்கிறது. பென் டிரைவில் ‘டிராக்’கைப் போட்டுவிட்டு ஒரே ஒரு பாடகர் மட்டும் பாடும் நிகழ்ச்சிகள் பெருகிவிட்டன. செலவு குறைவு என்கிறார்கள் விழாக் குழுவினர். உண்மைதான். ஆனால் டிராக்கில் யாரும் எதையும் கற்றுக்கொள்வதில்லை. ஸ்டேஜுக்குப் பக்கத்தில் நின்று கிடார்க்காரரின் விரலையே பார்த்துக்கொண்டிருக்கும் பையனுக்கு அங்கே பார்க்க ஒன்றும் இருக்காது. அடுத்த ராசய்யாவும் அடுத்த திலீப்பும் எந்த மேடையில் பழகுவார்கள்?

ஆகவே கோயில் விழாக் குழுவில் இருக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் ஆடிக்கு நிகழ்ச்சி பேசும்போது டிராக் வேண்டாம், வாத்தியக்காரர்களோடு வாருங்கள் என்று சொல்லுங்கள். நோட்டீஸ் அச்சடிக்கும் முன் கீபோர்டு யார், லீட் கிடார் யார், பேஸ் யார், ரிதம் யார் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். உபயதாரர் பட்டியலுக்கு மேலே அந்தப் பெயர்களைப் போடுங்கள். நிகழ்ச்சி முடியும் முன் ஒவ்வொருவரையும் மைக்கில் பெயர் சொல்லி அழைத்து, பாடகருக்குப் போட்ட அதே சால்வையை அவர்களுக்கும் போடுங்கள். பேசிய பணத்தை அன்றிரவே கையில் கொடுத்து அனுப்புங்கள்.

(அடுத்த வாரம்: ஒலிபெருக்கிக்காரர்கள்)