உங்களுக்குத் தெரியுமா? மலைவாழ் மக்களைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்!

திண்டுக்கல் நகருக்குக் குடிநீர் தரும் ஆத்தூர் காமராசர் அணை, கீழ்ப்பழனி மலையில் பெய்யும் மழையை நம்பியிருக்கிறது. அந்தக் காடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்கள் பளியர் பழங்குடியினர். காட்டில் யாருக்கு என்ன உரிமை என்ற விசாரணையைத் தொடங்கும் அதிகாரத்தை, 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கிராம சபைக்கே தருகிறது. ஆனால் இறுதி முடிவு ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவின் கையில். தமிழகத்தில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஒன்றுகூட இல்லாததால், பழங்குடிக் கிராம சபைகளுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டின் பெசா சட்டமும் இங்கே பொருந்தாது. எனவே கேட்டு முடிவெடுக்கும் வழக்கத்தை நாமேதான் வலுப்படுத்த வேண்டும்.

சிறு கூட்டத்துக்கு இத்தனை இடமா என்று சிலர் கேட்கலாம். வடதுருவப் பகுதி நாடுகள் சேர்ந்து 1996-இல் உருவாக்கிய ஆர்க்டிக் கவுன்சிலைப் பாருங்கள்: அதில் 8 நாடுகளோடு 6 பழங்குடி அமைப்புகளும் நிரந்தரப் பங்கேற்பாளர்களாக அமர்கின்றன. முடிவெடுக்கும் உரிமை நாடுகளுக்கு மட்டுமே. ஆனாலும் அந்த அமைப்புகளை முழுமையாகக் கலந்தாலோசிக்க வேண்டும் என்பது விதி. அங்கே தலைக்கணக்கு அளவுகோல் அல்ல. பாதிப்பு யாருக்கு என்பதே அளவுகோல். உரிமை தந்தால் காடு அழியும் என்ற அச்சத்துக்கு நமது வன உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவே பதில்: காட்டையும் நீர்ப்பிடிப்புப் பகுதியையும் காக்கும் அதிகாரம் உரிமைதாரருக்கும் கிராம சபைக்கும் உண்டு. ஆகவே அவர்களிடம் கருத்துக் கேட்க வேண்டியது, ஆணை வந்த பிறகு அல்ல. திட்டம் வரைவாக இருக்கும்போதே.