பழைய வளவு வாங்கப் போகிறீர்களா?

ஊர்ப்புறத்தில் பழைய கல்வீடு ஒன்று விலைக்கு வருகிறது. அகன்ற விராந்தை, ஓட்டுக் கூரை, பின்புறம் தனிக் குசினி, நெல் வைக்கும் அறை, மாட்டுக் கொட்டில், கிணறு. திருத்தி எடுத்தால் பிள்ளைகளோடு நிம்மதியாக வாழலாம் என்று நினைக்கிறீர்கள். நல்ல ஆசைதான். ஆனால் கூரையைப் பார்க்குமுன் உறுதியைப் பாருங்கள்.

நம்மவர்களின் பழைய வளவுகள் பல, தலைமுறை கடந்தும் பங்கு பிரிக்கப்படாமலே கிடக்கின்றன. ஊரில் தங்கியவரிடம் சாவி இருக்கும். சாவி வைத்திருப்பவரெல்லாம் முழுச் சொந்தக்காரர் அல்லர்.

ஒரு கணக்கைக் கவனியுங்கள். பெற்றோரை முன்பே இழந்த ஒருவர், மனைவியையும் ஒரு மகனையும் இரு பெண்மக்களையும் விட்டு மௌத்தாகிறார். கடன் போக எஞ்சும் சொத்தை 32 பங்காக்கினால் மனைவிக்கு 4, மகனுக்கு 14, மகள்மார் ஒவ்வொருவருக்கும் 7. மரணசாசனம் எழுதாமல் இறக்கும் முஸ்லிம்களுக்கு மார்க்கச் சட்டப்படியே சொத்துச் சேர வேண்டும் என்கிறது 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். மகனிடம் மட்டும் எழுதி வாங்கினால் உங்களுக்குக் கிடைப்பது 14 பங்குதான், வீடு அல்ல.

"பத்து வருடத்துக்கு மேல் நானே ஆண்டு வருகிறேன்" என்று அவர் சொல்லலாம். கூட்டுச் சொந்தக்காரர் ஒருவர் வெறுமனே குடியிருப்பதால் மற்றவர்களின் உரிமை அழியாது என்று பிரிவிக் கவுன்சில் 1911இலேயே தீர்ப்பளித்துவிட்டது. கட்டிக்கொடுத்த சகோதரி ஒருவர் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின்கீழ் நாளை வழக்கிடலாம். நீங்கள் புதுப்பித்த வீடு ஏலத்துக்கும் போகலாம்.

சட்டத்துக்கு மேலான கணக்கும் உண்டு. பெற்றோர் விட்டுச் செல்வதில் பெண்ணுக்குப் பங்குண்டு என்பது சூரா அந்நிஸாவின் 7ஆம் வசனம் வகுத்த கடமை. அந்தப் பங்கை மறைத்து விற்கும் வீட்டில் தெரிந்துகொண்டே குடியேறலாமா?

ஆகவே சட்டத்தரணி மூலம் காணிப் பதிவகத்தில் பழைய பதிவுகளைத் தேடுங்கள். வாரிசுகள் அனைவரின் பெயரையும் கேட்டெழுதுங்கள். அனைவரும் நொத்தாரிசு முன், இரு சாட்சிகளோடு ஒப்பமிடட்டும். வாய்ச்சொல் காணியை மாற்றாது. நில அளவையாளரை அழைத்து, கிணறும் கொட்டிலும் குசினியும் எல்லைக்குள்தான் நிற்கின்றனவா என்று பாருங்கள். கிணற்றில் அயலவருக்கு உரிமை இருந்தால் அதையும் அறிந்துகொள்ளுங்கள்.

பிறகு மேசனைக் கூப்பிடலாம். முதலில் கூரை ஒழுக்கை அடையுங்கள். சுவரடியில் நீர் தேங்காமல் வழிசெய்யுங்கள். வளைமரங்களின் நுனியைக் குத்திப் பார்த்தால் கறையான் தெரியும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவருக்குச் சீமெந்து பூசாதீர்கள். ஈரம் உள்ளே அடைபட்டுச் சுவரையே தின்னும். சுண்ணாம்பையே பூசுங்கள். வெளிக் கட்டடங்களை அவசரப்பட்டு இடிக்க வேண்டாம். வீட்டைத் திருத்தும்போது தட்டுமுட்டுச் சாமான்களுக்கு அவையே நிழல்.

உரியவர்கள் எல்லோரும் மனமொப்பித் தந்த வீட்டில் சிறு ஒழுக்கு இருந்தாலும் பரவாயில்லை. அல்லாஹ் அதில் பரகத் செய்வானாக.