சாய்ஸ் பட்டியலை யார் எழுதுவது?

டீ வரட்டும், நிதானமாகப் பேசலாம். பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து மாமா ஒரு பக்கம், சித்தப்பா ஒரு பக்கம், எதிர்வீட்டில் ஐ.டி. வேலைக்குப் போகிறவர் ஒரு பக்கம் என்று வீட்டில் எல்லாரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். பரீட்சை எழுதி மார்க் எடுத்த பிள்ளை மட்டும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும். தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வு எப்படி நடக்கிறது என்பதைப் பொறுமையாகத் தெரிந்துகொண்டால், அந்தப் பிள்ளை பேச வேண்டிய இடம் எது என்பது தானாக விளங்கிவிடும்.

முதலில் கணக்கு. பிளஸ் டூ மொத்த மதிப்பெண் 600 என்றாலும் இங்கே பார்ப்பது மூன்று பாடங்களைத்தான். கணிதம் 100 அப்படியே வரும். இயற்பியலும் வேதியியலும் ஆளுக்குப் பாதி. ஆக மொத்தம் 200. கணிதத்தில் 88, இயற்பியலில் 84, வேதியியலில் 90 எடுத்தவருக்கு 88, 42, 45 சேர்ந்து 175. இதுதான் கட் ஆஃப். இதை வைத்துத்தான் தரவரிசை. இரண்டு பேர் ஒரே கட் ஆஃப் எடுத்திருந்தால் கணித மதிப்பெண், அடுத்து இயற்பியல் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போவார்கள். பிறந்த தேதி வரைக்கும் பார்த்தும் பிரிக்க முடியாவிட்டால் கடைசியில் ரேண்டம் எண். 2007 முதல் இங்கே பொறியியலுக்குத் தனி நுழைவுத்தேர்வு கிடையாது. பள்ளி மதிப்பெண்தான் எல்லாம். 69 சதவீத இடஒதுக்கீடு, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இரண்டும் இந்தத் தரவரிசையின் மேல்தான் செயல்படுகின்றன.

இதுவரை சொன்ன எதிலும் பிள்ளை முடிவெடுக்க ஒன்றுமில்லை. மார்க் வந்துவிட்டது, ரேங்க் வந்துவிட்டது. இனி வருவதுதான் முக்கியம்: சாய்ஸ் ஃபில்லிங். எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு வேண்டும் என்று வரிசைப்படுத்திக் கொடுப்பது. ஒவ்வொரு கல்லூரிக்கும் ஓர் எண் உண்டு. கிண்டி பொறியியல் கல்லூரிக்கு 1, குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்கு 4. அதோடு பிரிவின் குறியீடும் சேர்ந்தால்தான் ஒரு சாய்ஸ். இப்படி எத்தனை வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

அந்த வரிசையை எப்படி அமைப்பது என்பதில்தான் ஊரெல்லாம் தவறான யோசனை சொல்கிறார்கள். போன வருஷம் பக்கத்துத் தெருவிலிருந்து தறி ஓட்டுகிற ஒருவர் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். அந்தப் பெண்ணுக்குச் சேலம் அரசு பொறியியல் கல்லூரியில் இ.சி.இ. படிக்க ஆசை. அப்பாவுக்கு, வீட்டு வாசலுக்கே பஸ் விடுகிற தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ். பட்டியலில் முதல் இடம் அந்தத் தனியார் கல்லூரிக்குப் போயிருந்தது. ஏன் என்று கேட்டேன். அந்தப் பெண்தான் பதில் சொன்னாள்: "சேலத்தை மேல போட்டு, அது கெடைக்கலைன்னா கீழ இருக்கறதும் போயிருமாம் சார். சென்டர்ல சொன்னாங்க."

போகாது. இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் தரவரிசைப்படி ஒவ்வொருவராக எடுக்கிறது. உங்கள் முறை வரும்போது உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே படிக்கிறது. முதல் சாய்ஸில் பொதுப் பிரிவில் இடம் இருக்கிறதா? இல்லையென்றால் உங்கள் வகுப்புக்கான ஒதுக்கீட்டில் இருக்கிறதா? அதிலும் இல்லையென்றால் இரண்டாவது சாய்ஸ். அங்கேயும் இதே கேள்விகள். கிடைத்த இடத்தில் நின்றுவிடும். அதன் பிறகுதான் உங்களுக்கு அடுத்த ரேங்க்காரரின் பட்டியலையே அது திறக்கும். மளிகைக் கடையில் சீட்டை நீட்டுகிற மாதிரிதான். முதலில் எழுதிய சாமான் இல்லையென்றால் கடைக்காரர் அடுத்த வரிக்குப் போவார். இல்லாத சாமானைக் கேட்டதற்காக இருக்கிற சாமானை மறுக்க மாட்டார்.

ஆகவே கிடைக்காத ஓர் இடத்தை மேலே போட்டதால் கீழே உள்ள இடம் கைவிட்டுப் போக வழியே இல்லை. மாறாக, பயத்தில் ஒரு 'நிச்சய' இடத்தை மேலே போட்டீர்களானால், அதைவிட நல்ல இடம் உங்கள் ரேங்க்குக்குக் காலியாக இருந்தாலும் கம்ப்யூட்டர் அங்கே போய்ப் பார்க்காது. முதலில் கேட்டது கிடைத்துவிட்டதே! யார் எந்தக் கல்லூரியை எடுப்பார்கள் என்று மற்றவர்களின் மனதைக் கணித்துத் திட்டம் போட வேண்டிய அவசியம் இதில் இல்லை. மனதில் உள்ளதை உள்ளபடி எழுதுகிறவருக்கு நஷ்டம் வராதபடி அமைந்த முறை இது. இவ்வளவு நேர்மையான ஓர் ஏற்பாட்டை வைத்துக்கொண்டு நாம் பயந்து பயந்து எழுதுகிறோம் என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம்.

அப்படியானால் போன வருஷக் கட் ஆஃப் பட்டியல் எதற்கு? பட்டியலை எவ்வளவு நீளமாக எழுத வேண்டும் என்று தெரிந்துகொள்ள. 175 எடுத்தவர் 195-இல் முடிந்த இடங்களை மட்டும் இருபது எழுதிவிட்டு நிறுத்தினால் அந்தச் சுற்றில் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். ஆகவே 180, 175, 170, 160 என்று கீழே வரைக்கும் இறங்க வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை: கிடைத்தால் சேர மாட்டேன் என்று நினைக்கிற இடத்தை எழுதவே கூடாது. நீளத்தைக் கட் ஆஃப் சொல்லட்டும். வரிசையை ஆசை சொல்லட்டும்.

ஒதுக்கீடு வந்த பிறகும் அந்த வரிசைக்கு வேலை இருக்கிறது. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் உங்களிடம் கேட்பார்கள்: இதையே ஏற்றுச் சேருகிறீர்களா? ஏற்றுக்கொண்டு, மேலே உள்ளது காலியானால் மாறிக்கொள்ளக் காத்திருக்கிறீர்களா? இது வேண்டாம், மேலே கிடைத்தால் மட்டும் போதுமா? அடுத்த சுற்றுக்குப் போகிறீர்களா? விலகிவிடுகிறீர்களா? பதில் சொல்லச் சில நாட்கள்தான் அவகாசம். மெடிக்கல் கிடைத்தோ வேறு மாநிலத்துக்குப் போயோ சிலர் விட்டுப்போகும் இடங்களுக்குக் காத்திருப்பவர்கள் மேல்நோக்கி நகர்வார்கள். கவனியுங்கள், 'மேல்' என்றால் உங்கள் பட்டியலில் நீங்களே மேலே எழுதியது. அந்தப் பெண் தனியார் கல்லூரியை முதலில் போட்டு அது கிடைத்திருந்தால், சேலத்தில் இடம் காலியானாலும் அவளை யாரும் கூப்பிட மாட்டார்கள். அவள் பட்டியலின்படி சேலம் அவளுக்குக் கீழேதானே இருக்கிறது?

இதைக் கேட்டதும் அவள் அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "பொம்பளப் புள்ள, பக்கத்துல இருந்தா நல்லதுன்னு பாத்தேனுங்க. ஹாஸ்டலுக்கெல்லாம் எவ்வளவு ஆகும்னு வேற தெரியல" என்றார். நியாயமான பயம். ஆனால் அதை அவர் மகளிடம் சொல்லவே இல்லை. பட்டியலில் முதல் வரியாக எழுதிவிட்டார். அவள் அரசுப் பள்ளியில் படித்தவள். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2021-இல் அறிவித்தார்கள். உயர்கல்வி போகும் அரசுப் பள்ளிப் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கணக்கில் வருகிறது; பையன்களுக்கு அதே தொகை 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில். இந்த விவரங்களைப் பேசிய பிறகு, தூரம் பற்றிய கேள்வி மட்டும்தான் மிஞ்சியது. அதற்கு அவளே பதில் சொன்னாள். என்னைப் பார்த்து இல்லை, அப்பாவைப் பார்த்து: "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்துருவேன்ப்பா. சேலம் என்ன அவ்வளவு தூரமா?"

பணம் எவ்வளவு முடியும் என்பதைப் பிள்ளையிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள் என்பதுதான் பெற்றோருக்கு நான் வைக்கும் கோரிக்கை. 'வருஷத்துக்கு இவ்வளவு வரைக்கும் என்னால் முடியும், அதற்கு மேல் கடன் வாங்க வேண்டும்' என்று ஒரு தொகையைச் சொன்னால் பதினேழு வயதுக்குப் புரியும். அதற்குள் நின்று அந்தப் பிள்ளை யோசிக்கும். சொல்லாமல் நாமே முடிவெடுத்தால், பிள்ளைக்குத் தெரிவது அப்பாவின் பிடிவாதம் மட்டும்தான். பட்டியலை எழுதும்போது பக்கத்தில் இருங்கள், கேள்வி கேளுங்கள், ஹாஸ்டலை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். மவுஸ் மட்டும் பிள்ளையின் கையில் இருக்கட்டும்.

மவுஸ் என்றதும் நினைவுக்கு வருகிறது. முன்பெல்லாம் கலந்தாய்வுக்குக் குடும்பத்தோடு சென்னைக்கே போக வேண்டும். ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் வந்து, அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் காத்திருந்து, திரையில் இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைவதைப் பார்த்துக்கொண்டே சில நிமிடங்களில் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2018 முதல் எல்லாம் ஆன்லைன். யோசிக்க நேரம் கிடைத்தது பெரிய லாபம். ஆனால் புதிதாக ஒரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. பல குடும்பங்கள் பிரவுசிங் சென்டரில் விண்ணப்பிக்கின்றன. அங்கே இருப்பவர் அவசரத்துக்கு ஒரு மின்னஞ்சல் முகவரியை உருவாக்கி, பாஸ்வேர்டைத் தானே வைத்து, சில நேரம் தன் செல்போன் எண்ணையே கொடுத்துவிடுகிறார். ஒதுக்கீடு வந்த செய்தியும் ஓ.டி.பி.யும் அவருக்குப் போகும். அவர் கடையைச் சாத்திவிட்டு ஊருக்குப் போனால்? ஆகவே பதிவு செய்யும் முதல் நாளே பிள்ளையின் பெயரில் மின்னஞ்சல், வீட்டில் எப்போதும் இருக்கிற ஒரு போன் எண், பாஸ்வேர்டை எழுதி வைத்த ஒரு நோட்டு. இந்த மூன்றும் வேண்டும். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாவிட்டால் மாவட்டந்தோறும் இருக்கும் கலந்தாய்வு உதவி மையத்துக்குப் போகலாம்.

சான்றிதழ் விஷயத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், குடும்பத்தில் யாரும் பட்டம் பெறவில்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ். எல்லாம் இ-சேவை மையத்தில். ரிசல்ட் வரும் வரை காத்திருக்காமல் முன்பே வாங்கிவிடுங்கள். மார்க் ஷீட்டிலும் ஆதாரிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பாருங்கள். முதல் பட்டதாரிச் சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். அக்கா வாங்கியிருந்தால் தம்பிக்குக் கிடையாது.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. கலந்தாய்வு முடியும் முன்பே ஏதோ ஒரு கல்லூரியில் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டு, பிறகு நல்ல இடம் கிடைத்தால் 'ஒரிஜினல் சர்ட்டிபிகேட் தர மாட்டோம், கட்டிய பணம் திரும்பாது' என்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கையின்படி, அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது. சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும். சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாட்களுக்கு முன்பே விலகினால் கிட்டத்தட்ட முழுக் கட்டணமும் திரும்ப வேண்டும். அதன் பிறகு நாள் ஆக ஆகக் குறையும்: 90 சதவீதம், 80, 50 என்று. கடைசித் தேதி தாண்டி 30 நாட்களுக்கு மேல் ஆனால் ஒன்றுமில்லை. விலகுவதை வாயால் சொல்லாமல் எழுத்தில் கொடுத்து, தேதி போட்ட நகல் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கடிதத்தையும் பிள்ளையே எழுதட்டும். ஓர் அலுவலகத்துக்கு எழுதும் முதல் கடிதம் இப்படி உரிமையைக் கேட்கிற கடிதமாக இருந்தால் நல்லதுதான்.

இவ்வளவு பொறுப்பும் வந்து சேரும் நேரத்தில், சட்டத்தின் கணக்கில் அந்தப் பிள்ளை இன்னும் மைனர். நம் ஊரில் பெரும்பாலானவர்கள் பதினேழு வயதில் பிளஸ் டூ முடிக்கிறார்கள். 1875-ஆம் ஆண்டின் மேஜர் வயதுச் சட்டப்படி பதினெட்டு நிறைய வேண்டும். அது வருவது முதல் வருஷக் கல்லூரியின் நடுவில், பெரும்பாலும் விடுதி அறையில். அன்றைக்குக் கேக் வெட்டுவதோடு சில வேலைகளும் இருக்கின்றன. மைனராகத் தொடங்கிய வங்கிக் கணக்கை, புதுக் கையெழுத்துப் போட்டு மேஜர் கணக்காக மாற்ற வேண்டும். உதவித்தொகை வருவது அந்தக் கணக்கில்தான். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நான்கு மாதங்களின் முதல் தேதியும் தகுதி நாட்கள். பதினேழு முடிந்ததுமே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம்.

கல்விக் கடன் எடுத்திருந்தால் இதில் இன்னும் ஒரு கையெழுத்து உண்டு. வங்கிகள் பின்பற்றும் மாதிரித் திட்டத்தில் 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது, படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஏறும். கடன் மாணவரின் பெயரில். அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடன்தாரர். மாணவர் மைனராக இருக்கும்போது பெற்றோரே பத்திரங்களில் கையெழுத்துப் போடுவார்கள். பதினெட்டு நிறைந்ததும் வங்கி அந்தப் பிள்ளையிடம், 'இந்தக் கடனை நானும் ஏற்கிறேன்' என்று ஓர் ஒப்புதல் கடிதம் வாங்கும். வங்கி நீட்டுகிற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாமல், அசல் எவ்வளவு, வட்டி எத்தனை சதவீதம், தவணை எந்த மாதம் தொடங்கும் என்று மூன்றையும் கேட்டு, நோட்டில் எழுதிக்கொண்டு, அப்புறம் போடச் சொல்லுங்கள்.